கசாப்புக்கடைப் பையனும் மாதாவின் குரலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கவிதையை வாய்விட்டுப் படித்துக் கேட்கும் வழக்கத்தைப் பத்தாண்டுகளாகக் கைவிடாமல் காத்து வரும் அவை இது. ஆகவே தாளில் அச்சாகிக் கிடக்கும் சொல்லைவிட, ஒரு மனிதத் தொண்டையிலிருந்து புறப்படும் சொல்லைப் பற்றிப் பேசுவதே இங்குப் பொருந்தும் என்று கருதினேன். ஒரு பாடலை யார் பாடுகிறார் என்பதைப் பொறுத்து அப்பாடலின் பொருள் மாறுமா? மாறும் என்று நான் நினைக்கிறேன். அதற்குச் சான்றாக ஓர் அயர்லாந்துத் திரைப்படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1997இல் வெளிவந்த 'தி புட்சர் பாய்' என்னும் படம் அது. கசாப்புக்கடைப் பையன் என்று பொருள். பாட்ரிக் மக்கேப் எழுதிய நாவலை நீல் ஜோர்டன் படமாக்கினார். பாடகி ஷினேட் ஓகானர் அதில் கன்னி மரியாளாக நடித்தார். நாவலுக்குப் பெயர் தந்த பழைய கதைப்பாடலையும் படத்துக்காக அவரே பாடினார். இவ்விரண்டு செயல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் நாவலைப் பற்றிச் சில சொற்கள். மக்கேப் 1955இல் பிறந்தவர். வட அயர்லாந்தின் எல்லையை ஒட்டிய மோனகன் கோட்டத்துக் குளோனிஸ் என்னும் சிற்றூர் அவருடையது. நாவல் 1992இல் வெளிவந்து அவ்வாண்டின் புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. (பரிசு அவ்வாண்டு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது; அவ்விருவருள் ஒருவர் கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி என்பதை இந்த அவை விரும்பிக் கேட்கும்.) நாவலின் உரைநடை ஒரு சிறுவனின் வாய்ப்பேச்சு. மேற்கோள் குறி கிடையாது. மூச்சு வாங்குவதற்கு நிற்காமல் ஓடும் வாக்கியங்கள். வேடிக்கை எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத தொனி. இப்படிப்பட்ட எழுத்தைப் படமாக்குவது எளிதன்று. ஜோர்டன் சினிமாவுக்கு வருமுன் சிறுகதை எழுதியவர். 1976இலேயே ஒரு நல்ல தொகுதியை வெளியிட்டவர். சொல்லின் அருமை தெரிந்த இயக்குநர் என்பதால்தான் சொல்லை எங்கே விட்டுவிடலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1998 பெர்லின் விழாவில் இப்படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்குரிய வெள்ளிக் கரடி அவருக்குக் கிடைத்தது.

கதை 1960களின் தொடக்கத்தில், கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகமே அணுகுண்டை எண்ணி நடுங்கிய காலத்தில் நடக்கிறது. பிரான்சி பிரேடி என்ற சிறுவன். அவன் உயிர்த் தோழன் ஜோ. தந்தை ஒரு காலத்தில் நன்றாக டிரம்பெட் வாசித்தவர், இப்போது குடியில் மூழ்கியவர். தாய் மனம் சிதைந்தவள். இங்கிலாந்திலிருந்து திரும்பிவந்த நியூஜென்ட் சீமாட்டி, இந்தக் குடும்பமே பன்றிக் குடும்பம் என்று ஒருநாள் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போகிறாள். அந்தச் சொல் பையனின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. அதன்பின் நடப்பவை ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரியும் சுவர்கள்: தாயின் மரணம், கிறித்தவத் துறவியர் நடத்தும் சீர்திருத்தப் பள்ளி, அங்கே ஒரு பாதிரியாரின் இழிசெயல், திரும்பி வந்தபின் கசாப்புக்கடையில் வேலை, தந்தையின் மரணம், ஜோ அவனைக் கைவிடுவது, முடிவில் நியூஜென்ட் சீமாட்டியைப் பன்றியறுக்கும் கருவிகளால் அவனே கொல்வது. ஊரோ, மாதா காட்சி தரப்போகிறாள் என்று தோரணம் கட்டிக் காத்திருக்கிறது.

இனிப் பாடலுக்கு வருகிறேன். கவிஞர்கள் நிறைந்த அவையில் இங்கே சற்றுத் தங்கிச் செல்வது தகும்.

இந்தப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. இங்கிலாந்தில் தாள் தாளாக அச்சிட்டுத் தெருவில் விற்ற பழம் பாடல்கள் சில ஒன்றோடொன்று கலந்து, கடல் கடந்து அமெரிக்கா சென்று, அயர்லாந்திலும் வேரூன்றிய பாடல் இது. பாடுபவரைப் பொறுத்து ஊரின் பெயர் மாறும். ஒருவர் ஜெர்சி நகரம் என்பார், இன்னொருவர் லண்டன் என்பார். கென்டக்கியைச் சேர்ந்த பியூல் கசீ பாஞ்சோவோடு பாடிய இசைத்தட்டு 1928இல் பதிவானது. 1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்த அமெரிக்க நாட்டுப்பாடல் திரட்டில் அது இடம்பெற்றதால் அடுத்த தலைமுறைப் பாடகர்கள் பலர் அதைக் கேட்டனர்.

கதை மிக எளிது. கசாப்புக்கடைப் பையன் ஒருவனை ஒரு பெண் காதலிக்கிறாள். அவன் அவளை விட்டு வேறொருத்தியை நாடுகிறான். அவள் கருவுற்றிருக்கிறாள். மாடிக்குச் சென்று, தாயிடம் பேசி, எழுதுவதற்குத் தாளும் மையும் பெற்று, ஒரு கடிதம் எழுதுகிறாள். வீடு திரும்பிய தந்தை கதவை உடைத்துப் பார்க்கையில் அவள் கயிற்றில் தொங்குகிறாள். கடிதத்தில் இருப்பது அவள் கல்லறை எப்படி அமையவேண்டும் என்ற விருப்பம்: ஆழமான குழி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கல், நெஞ்சின்மேல் ஒரு புறா.

கதையைவிட வியக்கத்தக்கது அதைச் சொல்லும் முறை. பாடல் 'நான்' என்று தொடங்குகிறது. பெண்ணே தன் துயரைச் சொல்கிறாள். நடுவில், எந்த முன்னறிவிப்பும் இன்றி, 'அவள்' என்று மாறிவிடுகிறது. மாடிப்படி ஏறுபவள் 'நான்' அல்லள், 'அவள்'. சாகப்போகிறவள் தன் சாவைத் தானே பாட முடியாதே! அதன்பின், கடிதம் வாசிக்கப்படும்போது 'நான்' மீண்டும் வருகிறது. ஆனால் இப்போது அது இறந்தவளின் 'நான்'. படித்த புலவர் எவராயினும் இந்த ஒட்டுப்போட்ட இடத்தைக் குறையென்று திருத்தியிருப்பார். பல பாடல்கள் கலந்ததால் நேர்ந்த தையல் அது என்று ஆய்வாளரும் விளக்கிவிடக்கூடும். பாடுகிறவருக்கோ அந்தத் தையலே உயிர்நிலை. உள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தவர் ஒரு கணத்தில் வெளியே வந்து, வாசற்படியில் நின்று, தான் விட்டுவந்த உடலைப் பார்க்கிறார்.

நாவலில் இந்தப் பாடல் பிரான்சியின் தாய் வாங்கிவந்த இசைத்தட்டில் இருக்கிறது. அவளை ஒருமுறை மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அவன் அதைக் 'கராஜ்' என்றே சொல்கிறான். பழுதான வண்டிக்கும் நிலைகுலைந்த மனிதருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குவதால் வந்த சொல் அது. திரும்பி வந்த தாய் ஓயாமல் வேலை செய்கிறாள். விருந்துக்கு வேண்டியதற்கு மேல் மலைபோல் கேக்குகள் சுட்டு அடுக்குகிறாள். அந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு உடன் பாடுகிறாள். பையனுக்கு அது நல்ல மெட்டு. அம்மா பாடுகிறாள், ஆகவே அம்மா மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்பது அவன் கணக்கு. வாசகனுக்கு மட்டுமே தெரியும், அவள் தன் கடிதத்தை முன்கூட்டியே வாசித்துக்காட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது. பெற்றோரின் சண்டைக்குப் பின் டப்ளினுக்கு ஓடிப்போன பையன், அம்மாவுக்கு ஒரு பரிசோடு ஊர் திரும்புகிறான். அதற்குள் அவள் ஏரியில் மூழ்கி, அடக்கமும் முடிந்துவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பாடலில் வரும் கசாப்புக்கடைப் பையன் ஏமாற்றியவன். பெண்ணின் சாவுக்குக் காரணமானவன். பிற்பாடு பிரான்சி அதே வேலைக்குப் போகிறான். அந்தப் பெயர் அவன்மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. தாயைக் கைவிட்டவன் நானே என்று அவன் வாய்திறந்து சொல்வதே இல்லை. தலைப்பு சொல்லிவிடுகிறது.

இத்தகைய பாடலைப் பாடவும், இத்தகைய பையனுக்குக் காட்சி தரும் மாதாவாக நிற்கவும் ஜோர்டன் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நாம் இப்போது பார்க்கவேண்டும்.

ஷினேட் ஓகானர் 1966 டிசம்பரில் டப்ளினில் பிறந்தவர். தாயின் கையில் தாம் பட்ட கொடுமையை அவர் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2021இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் எழுதினார். பதின்வயதில், டப்ளினின் ட்ரம்காண்ட்ராப் பகுதியில் ஹை பார்க் என்னும் இடத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சீர்திருத்த இல்லத்தில் ஒன்றரை ஆண்டுக் காலம் இருந்தார். தண்டனையாக, சாகக் கிடந்த மூதாட்டிகளின் அறையில் ஓரிரவு உறங்கவைக்கப்பட்டதை அந்நூலில் நினைவுகூர்கிறார். அவருக்கு முதல் கித்தார் வாங்கித் தந்தவரும் அதே இல்லத்தின் ஒரு கன்னியாஸ்திரீதான். இவ்விரண்டையும் அவர் மறைக்கவில்லை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கவும் இல்லை. ஹை பார்க்கின் நிலத்தை விற்றபோது, 1993இல், அங்குப் புதைக்கப்பட்டிருந்த சலவையில்லப் பெண்கள் 155 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்ட செய்தி அயர்லாந்தை உலுக்கியது.

1990இல் பிரின்ஸ் எழுதிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாடலால் உலகப் புகழ் வந்தது. அதன் காட்சிப்பதிவில் அவர் முகம் மட்டுமே திரையை நிறைக்கும். தாய் நட்ட மலர்களைப் பற்றி வரும் இடத்தில் கண்ணீர் வழியும். தம் தாயை நினைத்தே அழுததாகப் பின்னாளில் சொன்னார். 1992 அக்டோபர் 3ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பாப் மார்லியின் 'வார்' பாடலைப் பக்கவாத்தியமின்றிப் பாடி முடித்ததும், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கிழித்தெறிந்தார். குழந்தைகள்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளைத் திருச்சபை மூடி மறைக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. கிழித்த படம் கடையில் வாங்கியதன்று. தாயின் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தது. பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு நியூயார்க்கில் பாப் டிலனுக்கான விழாவில் கூட்டம் கூச்சலிட்டது. அவர் திட்டமிட்ட பாடலை விட்டு மீண்டும் 'வார்' பாடலையே உரக்கப் பாடிவிட்டு இறங்கினார்.

மக்கேப்பின் நாவலும் அதே 1992ஆம் ஆண்டுதான். இருவரும் ஒரே பொருளையே பேசினார்கள். நாவலுக்குப் பரிசுப் பட்டியலில் இடம் கிடைத்தது. பாடகிக்குக் கல்லெறி கிடைத்தது. கதையில் சொல்லப்பட்டால் உலகம் பொறுத்துக்கொள்ளும் போலும். இத்தகைய இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளிடம் அயர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 1999 மே மாதத்தில். விரிவான விசாரணை அறிக்கை வெளிவந்தது 2009இல். சலவையில்லப் பெண்களிடம் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2013இல். படம் இவை அனைத்துக்கும் முந்தியது.

போப்பாண்டவர் படத்தைக் கிழித்தவரையே மாதாவாக்கியது வெறும் குறும்பு, விளம்பர உத்தி என்று அன்று சிலர் எண்ணினர். நான் அதை ஏற்கவில்லை. அயர்லாந்தில் மாதாவின் இடம் என்ன என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். 1879இல் மேயோ கோட்டத்து நாக் என்னும் ஊரில் மாதா காட்சி தந்ததாக மக்கள் நம்பினர், அது பெருந்தலமாயிற்று. 1985 கோடையில் கார்க் கோட்டத்துப் பாலின்ஸ்பிட்டிலில் மாதா சொரூபம் அசைகிறது என்று ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இவ்விரண்டுக்கும் நடுவே வேறொரு நாள் உண்டு. 1984 ஜனவரியில், லாங்ஃபோர்டு கோட்டத்துக் கிரானார்டு ஊரில், பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி யாருக்கும் சொல்லாமல் மாதா கெபிக்குச் சென்று, சொரூபத்தின் காலடியில் தனியே பிள்ளை பெற்றாள். குழந்தை இறந்தது, அன்றே அவளும் இறந்தாள். வேறு போக்கிடமின்றி அந்தச் சிறுமி தேடிச்சென்ற முகம் அந்தக் கல் முகம்தான்.

ஓகானர் அதை அறியாதவரல்லர். 1990இல் மார்கோ ஹார்க்கின் இயக்கிய 'ஹஷ்-எ-பை பேபி' என்ற படம், டெரி நகரில் கருவுற்ற ஒரு பள்ளிச் சிறுமியைப் பற்றியது. அதில் அவர் ஒரு மாணவியாக நடித்தார், இசைக்கும் பங்களித்தார். ஆகவே 'தி புட்சர் பாய்' படத்துக்கு வரும்போது, மாதாவின் கெபியில் கைவிடப்பட்ட சிறுமிகளின் பக்கத்திலிருந்தே அவர் வருகிறார். படத்தைக் கிழித்தவர் பக்தியற்றவர் என்று நினைப்பது எளிது. அவர் வாழ்க்கை அதை மறுக்கிறது. 1999இல் ஒரு தனிக்குழுவின் ஆயரிடம் குருப்பட்டம் பெற்றார். 2018இல் இஸ்லாத்தைத் தழுவினார். கடவுளைத் தேடி அலைந்தவரே அவர்.

காட்சிகள் சில நிமிடங்களே. சீர்திருத்தப் பள்ளியின் வெளியில் பிரான்சி தனியாக இருக்கையில் மாதா முதலில் தோன்றுகிறாள். நீலமும் வெள்ளையுமான ஆடை, ஒளி, இனிய புன்னகை எல்லாம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் உள்ளவாறே. முகம் மட்டும் உலகறிந்த முகம். அவள் பேசும் மொழியோ தெருமொழி. பின்னொரு காட்சியில் வசைச்சொல் ஒன்றும் அவள் வாயிலிருந்து வருகிறது. பக்தர்களுக்கு அது பெரும் உறுத்தலாயிற்று. எனக்கு அது அப்பாத்திரப் படைப்பின் நேர்மையாகவே படுகிறது. அந்தப் பையனுக்குத் தெரிந்த மொழி அது ஒன்றே. அவள் அவனுடைய கற்பனை என்று கொண்டால், அவனிடம் உள்ள சொற்களால்தான் அவள் பேச முடியும். உண்மையாகவே வந்தவள் என்று கொண்டால், அவன் மொழிக்கு இறங்கி வந்திருக்கிறாள். பாதிரியார், ஆசிரியர், மருத்துவர், அண்டை வீட்டார் என்று எல்லாரும் அவனிடம் தங்கள் மொழியில் பேசினார்கள். அவன் மொழியில் அவனிடம் பேசியவள் இவள் ஒருத்தியே. ஜோர்டன் இரண்டில் எதையும் உறுதிசெய்யவில்லை. நடிப்பு என்று பார்த்தால் ஓகானர் செய்வது மிகக் குறைவு. கண்ணை அசைப்பதும் தலையைச் சாய்ப்பதும் மட்டுமே. சொரூபம் பேசினால் இவ்வளவுதான் அசையும்.

1991இல் ஆலன் பார்க்கர் எடுத்த 'தி கமிட்மென்ட்ஸ்' படமும் அயர்லாந்து நாவலிலிருந்து வந்ததே. ராடி டாயில் எழுதியது. அதில் இளம் இசைக்கலைஞர்களையே தேடிப்பிடித்து நடிக்கவைத்தார்கள். ஆனால் அவர்கள் ஏற்றதும் இசைக்கலைஞர் வேடங்கள்தாம். பாடத் தெரிந்தவர் பாடகராக நடிப்பதில் பொருத்தம் உண்டு, வியப்பில்லை. இங்கே மாதா பேசுகிறாள். பாட்டு வேறிடத்தில் ஒலிக்கிறது. இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் வேலை கேட்பவருடையது.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். உச்சத்தில் கதறக்கூடிய தொண்டை அவருடையது. அவரது 1987ஆம் ஆண்டு முதல் இசைத்தொகுப்பைக் கேட்டவர் அறிவர். இந்தப் பாடலில் அவர் கதறவில்லை. தாழ்ந்த குரல், மெல்லிய குரல், பக்கத்து அறையில் உறங்குபவரை எழுப்பக்கூடாது என்பது போன்ற குரல். கயிற்றில் தொங்கும் பெண்ணைத் தந்தை காணும் இடத்திலும் அழுத்தம் கூட்டுவதில்லை. 'நான்' என்பது 'அவள்' என்று மாறும் அந்தத் தையலை மறைக்கவும் இல்லை, சுட்டிக்காட்டவும் இல்லை, அப்படியே கடந்துபோகிறார். நாட்டுப்பாடலைப் பாடுபவர் தாம் அழக்கூடாது, பாட்டு அழவேண்டும் என்ற பழைய அயர்லாந்து மரபு அதில் தெரிகிறது. 2002இல் பழம் பாடல்களை மட்டுமே கொண்டு அவர் வெளியிட்ட 'ஷான் நோஸ் நூவா' தொகுப்புக்கு இதை ஒரு முன்னோடியாகவே நான் கருதுகிறேன்.

ஒரே குரலில் இரண்டு தாய்மார் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதே நான் சொல்ல வந்தது. பிள்ளை வயிற்றிலிருக்க இறக்கும் பாடல் பெண், அவள் பாட்டைப் பாடிப்பாடி ஏரிக்குப் போன பிரேடியின் தாய், இவர்களின் துயரைப் பாடும் தொண்டையே, பையனிடம் வந்து ஆறுதல் சொல்லும் மாதாவின் தொண்டையும். வேறொரு நடிகை மாதாவாகி, வேறொரு பாடகி பாடியிருந்தால், மாதா வெறும் அலங்காரமாகவும் பாட்டு வெறும் பின்னணியாகவும் நின்றிருக்கும். இங்கோ, இறந்த பெண்களின் பக்கத்திலிருந்துதான் மாதா வருகிறாள்.

ஜோர்டன் இந்த இரட்டிப்பை வேறோர் இடத்திலும் செய்கிறார். தந்தையாக நடிக்கும் ஸ்டீபன் ரே அவர்களே, வளர்ந்துவிட்ட பிரான்சியாகவும் வருகிறார். படம் முழுவதும் கதை சொல்லும் குரலும் அவருடையதே. நாற்காலியில் இறந்து கிடக்கும் தகப்பனை உயிரோடிருப்பதாக எண்ணிப் பையன் உபசரிக்கிறான். அதை நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அந்தத் தகப்பனின் தொண்டை. சிறுவன் ஈமன் ஓவன்ஸின் துள்ளல் நடிப்பு கண்ணை நிறைப்பதால் இதை நாம் எளிதில் தவறவிடுகிறோம்.

குறையொன்றும் சொல்லவேண்டும். நாவலில் தாய் பாடிக்கொண்டே இருக்கும் பகுதி, படிப்பவருக்கு மூச்சு முட்டும் அளவுக்கு நீள்கிறது. படத்தின் வேகத்தில் அது சுருங்கிப்போயிற்று. எலியட் கோல்டன்தாலின் துடுக்கான பின்னணியிசை சில இடங்களில் அந்த இசைத்தட்டை அமுக்கிவிடுகிறது. பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் மௌனம் கொடுத்திருக்கலாம்.

முடிவும் வேறுபடுகிறது. நாவலில், ஆண்டுகள் பல கழிந்தபின், மனநல விடுதியில் பிரான்சி இன்னொரு நோயாளியோடு சேர்ந்து பனி உறைந்த குட்டையைக் கொத்திக்கொண்டிருக்கிறான், சிறுவயதில் ஜோவோடு செய்த அதே விளையாட்டு, கண்ணில் நீர். படத்தில், நரைகண்ட பிரான்சி விடுதியை விட்டு வெளியே வரும் நாளில் மாதா மறுபடியும் வருகிறாள். அவனுக்கு இன்னும் அவளைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. எழுத்து என்ற அளவில் எனக்கு நாவலின் முடிவே உயர்ந்தது. ஆயினும் அந்தப் பாடலை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்கையில், இந்தக் காட்சி தேவைப்படுகிறது. பாடலில் வரும் பெண் தன் கல்லறைக்குக் கல்லும் புறாவும் கேட்டாள். மாதா இவனிடம் நீட்டுவது, பனி விலகுமுன் பூக்கும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூ ஒன்று.

ஓகானர் 2023 ஜூலை 26ஆம் நாள் லண்டனில் காலமானார். ஆகஸ்டு 8ஆம் நாள், அவர் முன்பு வாழ்ந்த பிரே கடற்கரைச் சாலையில் மக்கள் இருமருங்கும் நின்று வழியனுப்பினர். வண்டி அவர் பழைய வீட்டைக் கடந்துசெல்கையில் பூக்களைத் தூவினர், பாடினர். அவருக்காக இறுதித் தொழுகை நடத்தியவர் ஓர் இமாம்.